மூலநிரலும் நம்பிக்கையும்

எங்கள் தமிழ்த்துறை அறையின் மூலையில் ஒரு கணினி உண்டு. எங்களுக்கு முன் இக்கல்லூரியிற் பயின்ற மாணாக்கர் பலர் ஓலைச்சுவடிகளைப் பார்த்துப் பெயர்த்தெழுதிய படிகள் அதனுள் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. சென்ற ஆண்டில் அப்படிகளுக்கு ஒரு சொல்லடைவு ஆக்க வேண்டும் என்னும் விருப்பம் எங்களுக்கு எழுந்தது. அதற்கு உதவும் மென்பொருள் ஒன்று விலையின்றிக் கிடைப்பதாகவும், அதனை நிறுவுதற்கு ஒரே ஒரு வரியைத் திரையிற் பதித்து விசையை அழுத்தினாற் போதும் என்றும் கணிதத்துறை நண்பர் ஒருவர் கூறி, அவ்வரியையும் எழுதி அனுப்பினார். நான் அதனை அவ்வாறே பதித்து, கடவுச்சொல்லையும் கொடுக்கும் தறுவாயில் இருந்தேன்.

பின்னால் நின்றிருந்த எங்கள் பேராசிரியர், “தம்பி, அந்த வரிக்குப் பொருள் என்ன?” என்று வினவினார்.

“தெரியாது, ஐயா. எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம்” என்றேன்.

“பொருள் தெரியாத பாட்டுக்கு உரை எழுதத் துணிவாயா?” என்று கூறி அவர் மெல்ல நகைத்தார்.

அன்று நான் விசையை அழுத்தவில்லை. அவ்வொரு வரியின் பொருளை அறியப் புகுந்து, கணிதத்துறை நண்பரோடு பல மாலைப் பொழுதுகள் உசாவித் தெளிந்தவற்றையே இக்கட்டுரையிற் கூற முயல்கின்றேன். நான் கணினி வல்லுநன் அல்லேன், தமிழ் மாணவன். ஆதலின் அத்துறை வல்லார் ஈண்டுக் குறை காணின் பொறுத்தருள்வாராக.

மூலநிரல் என்பது யாது?

மனிதர் படித்தறியும் வகையில், சி முதலிய நிரல்மொழிகளுள் ஒன்றில், நிரலாளர் எழுதும் கட்டளைத் தொகுதிக்கு மூலநிரல் என்பது பெயர். கணினியின் செயலகம் அம்மொழியை நேரே அறியாது. அஃது அறிவன ஒன்றும் சுழியுமாகிய எண்களின் வரிசைகளே. ஆதலின், மூலநிரலை அத்தகைய எண்வரிசையாக மாற்றித் தருதற்கு இடையே ஒரு மென்பொருள் வேண்டப்படும். அதனைத் தொகுப்பி என்பர். தொகுப்பி ஆக்கித் தரும் எண்வரிசையே நம் கணினியில் இயங்குவது. அதனை இயங்குநிரல் என்போம்.

இயங்குநிரலை மட்டும் விற்று, மூலநிரலை மறைத்து வைப்பது வணிகர் பலருடைய வழக்கம். அதற்கு மாறாக, மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் யாவர்க்கும் உரிமை வேண்டும் என்று கருதிய அமெரிக்கர் ரிச்சர்டு ஸ்டால்மன், 1983-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவராய் இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து வளர்ந்த மரத்தின் நிழலிலேதான் இன்று உலகின் சேவையகக் கணினிகளுட் பெரும்பாலன இயங்குகின்றன. இவ்வாறு மூலநிரல் வெளிப்படையாகக் கிடைக்கும் மென்பொருளைத் திறமூல மென்பொருள் என்று வழங்குகிறோம்.

மூலநிரல் யாவர்க்கும் தெரியக் கிடப்பதால், அதில் வஞ்சம் ஒளிந்திருக்க இடமில்லை என்று பலர் எண்ணுவர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயின், படிக்கலாம் என்பது வேறு. படித்தார் உளர் என்பது வேறு. நூலகத்தில் நூல் இருக்கின்றது என்பதனால் அதனை எவரேனும் படித்திருக்கின்றார் என்று துணிதல் கூடுமோ?

நிறுவும் வழிகள் மூன்று

திறமூல மென்பொருளை லினக்ஸ் கணினியில் நிறுவும் வழிகள் பல இருப்பினும், அவற்றை மூன்றாக வகுத்துக் காணலாம்.

முதலாவது, களஞ்சிய வழி. 1993-இல் தோன்றிய டெபியன் முதலிய வழங்கல்கள் ஒவ்வொன்றும் தமக்கென மென்பொருட் களஞ்சியம் வைத்திருக்கின்றன. அவ்வழங்கலைச் சார்ந்த பராமரிப்பாளர் மூலநிரலைப் பெற்று, தம் முறைமைக்கு ஏற்ப அமைத்து, களஞ்சியத்தின் பட்டியலில் மின்கையொப்பம் இட்டு வைப்பர். நம் கணினி அக்கையொப்பத்தைத் தானே சரிபார்த்து நிறுவும். பிழை திருத்தங்களும் அவ்வழியே வந்து சேரும்.

இரண்டாவது, மூலநிரல் வழி. நிரலாளர் வெளியிடும் மூலநிரற் கட்டினை நாமே இறக்கி, அவிழ்த்து, நம் கணினிக்கு ஏற்ப அமைத்து, தொகுத்து நிறுவுதல் இதன் இயல்பு. இதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். ஒரு துணைநூல் இல்லையென்று தொகுப்பி நின்றுவிடும். அதனை நிறுவினால் மற்றொன்று இல்லையென்னும். அன்றியும், இவ்வாறு நிறுவியதைப் புதுப்பிக்கும் கடமை முழுவதும் நம் தலைமேலதே.

மூன்றாவது, ஒரு வரி வழி. என் நண்பர் அனுப்பியது இதுவே. அவ்வரியின் முற்பகுதியில் கர்ல் என்னும் கருவியின் பெயரும் ஒரு வலை முகவரியும் இருந்தன. நடுவில் ஒரு நெடுங்கோடு. பிற்பகுதியில் சூடோ என்னும் சொல்லும் ஷெல்லின் பெயரும். கர்ல் அம்முகவரியில் உள்ள எழுத்தைக் கொணரும். நெடுங்கோடு அதனை அப்படியே ஷெல்லின் வாயில் ஊற்றும். ஷெல் என்பது கட்டளைகளை ஏற்றுச் செய்யும் ஏவலாள். சூடோ அவ்வேவலாளுக்குக் கணினித் தலைவனுடைய முழு அதிகாரத்தையும் அளிக்கும். ஆகவே அவ்வரியின் திரண்ட பொருள் யாதெனின், “இன்ன முகவரியிலிருந்து எச்சொல் வரினும், அதனைப் படித்துப் பாராமல், தலைவன் ஆணையாகக் கொண்டு உடனே செய்க” என்பதாம். இதன் பொருளை அறிந்தபோது எனக்கு உடல் சிறிது சிலிர்த்தது என்பதை மறைத்தற்கில்லை. அக்கணினியில் இருந்தவை என் உழைப்பல்ல. எனக்கு முன் பயின்றோர் பல ஆண்டுகள் கண் நோக எழுதியவை.

ஒரு வரி வழியின் குறை

இவ்வழியை ஆதரிப்போர் கூறும் நியாயத்தையும் நடுவுநிலையில் நின்று கேட்டல் வேண்டும். “மென்பொருளை நிறுவிய பின் அதனை இயக்கத்தானே போகின்றாய்? எழுதியவன் வஞ்சகனாயின் நிறுவும்போது செய்யும் தீமையைப் பின்னர் இயங்கும்போதும் செய்வானே. வரியைக் கண்டு மட்டும் அஞ்சுவானேன்?” என்பர் அவர். இக்கூற்றில் உண்மை உண்டு. முகவரி பாதுகாப்பான இணைப்பு உடையதாயின், நாம் கருதிய சேவையகத்தோடுதான் பேசுகின்றோம் என்பதும் ஓரளவு உறுதியே.

ஆயினும், சேவையகம் அதுவே என்பதனால் அதில் இருக்கும் எழுத்தும் ஆசிரியர் எழுதியதே என்பது பெறப்படாது. பிறர் அதனுட் புகுந்து எழுத்தை மாற்றியிருக்கலாம். வந்த எழுத்து எங்கும் சேமிக்கப்படாமல் ஷெல்லின் வாயில் மறைந்துவிடுதலின், வந்தது யாது என்று பின்னர்க் காட்டச் சான்றும் இராது. ஒருவர்க்கு ஓர் எழுத்தும் மற்றொருவர்க்கு வேறோர் எழுத்துமாக அனுப்பச் சேவையகத்தால் இயலும். இணைப்பு நடுவே அறுந்தால் பாதிக் கட்டளையே நிறைவேறி நிற்பதும் உண்டு.

இஃது வெறும் அச்சம் அன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். கோட்கவ் என்னும் நிறுவனம், நிரலாளர் பலர் தம் தானியங்கு முறைகளில் ஒரு வரியாக அழைத்து இயக்கும் சிறு நிரல் ஒன்றை வழங்கி வந்தது. 2021-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் முதல், பகைவர் அந்நிரலிற் புகுத்திய மாற்றம், அதனை இயக்கியோருடைய கணினிகளில் இருந்த மறைச்சொற்களை வெளியிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு திங்கள் வரை அதனை ஒருவரும் அறிந்திலர். ஏப்ரல் முதல் நாளில் வாடிக்கையாளர் ஒருவர், தாம் இறக்கிய நிரலின் சரிபார்ப்பு எண்ணும் வெளியிடப்பட்டிருந்த எண்ணும் ஒவ்வாமை கண்டு தெரிவித்த பின்னரே குட்டு வெளிப்பட்டது. எண்ணற்றோர் கண்மூடி இயக்கினர். ஒருவர் ஒப்பிட்டு நோக்கினார். அவ்வொருவரால் அனைவரும் உய்ந்தனர்.

சரிபார்ப்பு எண் என்பது ஒரு கோப்பின் எழுத்துக்கள் அனைத்தையும் கணித விதியால் பிழிந்து எடுக்கும் ஒரு குறியெண். இன்று பெரிதும் வழங்கும் ஷா-256 என்னும் முறையில் அஃது 64 இலக்கங்கள் உடையது. கோப்பில் ஒரு புள்ளி மாறினும் அக்குறியெண் முற்றும் வேறாகிவிடும்.

தன் கையால் தொகுத்தலும் காவலாகுமோ?

ஒரு வரி வழி ஆகாது எனின், மூலநிரலைப் பெற்று நம் கையாலேயே தொகுத்துக்கொண்டால் அச்சமில்லை அன்றோ என்று கேட்கலாம். இங்கும் அனுபவம் வேறு பாடம் கற்பிக்கின்றது.

தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாகப் புகுதற்கு உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் என்னும் புகழ்பெற்ற மென்பொருளின் மூலநிரற் கட்டு, 2002-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் அதன் அதிகாரபூர்வச் சேவையகத்திலேயே மாற்றி வைக்கப்பட்டது. அதிற் புகுத்தப்பட்ட நஞ்சு, நிறுவிய மென்பொருளில் அன்று, தொகுக்கும் செயலிலேயே வேலை செய்தது. தொகுக்கத் தொடங்கிய அளவிலே அது வெளிக்கணினி ஒன்றோடு தொடர்பு கொண்டு கட்டளைக்குக் காத்திருந்தது. தன் கையாலே தொகுத்தவனே ஈண்டுத் தீங்குற்றான். இதனை வெளிப்படுத்தியதும் ஓர் ஒப்பீடே. ஃப்ரீபிஎஸ்டி என்னும் முறைமையின் களஞ்சியத்தில் முன்னரே குறித்து வைத்திருந்த சரிபார்ப்பு எண்ணும் புதிய கட்டின் எண்ணும் முரணின. கட்டு மாற்றப்பட்டுச் சில நாட்களுக்குள்ளேயே உண்மை தெரிந்துவிட்டது.

மூலநிரலைப் படித்துப் பார்த்தே தொகுப்பேன் எனின், அதற்கும் ஒரு நிகழ்ச்சி கூறுவேன். 2003-ஆம் ஆண்டு நவம்பரில், லினக்ஸ் கருவின் மூலநிரற் படி ஒன்றில் எவரோ இரண்டு வரிகளைச் சேர்த்திருந்தனர். பார்வைக்கு அவை பிழை சோதிக்கும் வரிகளே. சி மொழியில் சமக்குறி இரண்டு சேர்ந்து நின்றால், “இது அதற்குச் சமமோ?” என்பது பொருள்; ஒன்று மட்டும் நின்றால், “இதனை அதுவாக ஆக்குக” என்பது பொருள். பயனரின் எண் சுழியோ என்று வினவ வேண்டிய இடத்தில், ஒரு சமக்குறி குறைந்தமையால், பயனரின் எண்ணைச் சுழியாக்குக என்று ஆயிற்று. சுழி என்பது கணினித் தலைவனுடைய எண். ஆகவே அவ்வரியை இயக்கும் முறை அறிந்த எவனும் தலைவனாகிவிடுவான்.

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. “வேலை தேடினான்” என்பதற்கும் “வேலைத் தேடினான்” என்பதற்கும் இடையே ஓர் ஒற்றுத்தான் வேறுபாடு. முன்னவன் பிழைப்பை நாடினான், பின்னவன் படைக்கலத்தை நாடினான். ஏடெழுதுவோர் விட்ட ஓர் ஒற்றால் உரையாசிரியர் எத்துணை இடர்ப்பட்டனர் என்பதை நாம் வகுப்பில் நாள்தோறும் கேட்கின்றோம். அவ்விரண்டு வரிகள் அகப்பட்டது எவ்வாறு? மாற்றம் நுழைந்தது கிளைப் படி ஒன்றில். முதன்மைப் படி வேறிடத்தில் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது, முதன்மைப் படியில் இல்லாத வரிகள் கிளையில் மிகுந்திருந்தமை தெரிந்தது. ஆகவே அவ்வரிகள் கருவின் வெளியீட்டில் ஏறாமலே நீக்கப்பட்டன.

களஞ்சியத்தாரும் மனிதரே

அங்ஙனமாயின், வல்லுநர் காக்கும் களஞ்சியமே சாலும் எனலாமோ? பெரும்பாலும் சாலும், முற்றும் சாலாது. டெபியன் பராமரிப்பாளர் ஒருவர் 2006-இல், பிழை காணும் கருவி ஒன்று குறை கூறியதென்று, ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறைகுறி மென்பொருளில் இரண்டு வரிகளை நல்லெண்ணத்தோடு நீக்கினார். அதன் பயனாக, அம்முறைமையில் ஆக்கப்பட்ட மறைச்சாவிகள், ஊகித்தற்கரியனவாய் இருக்கவேண்டியவை, ஒவ்வொரு வகைக்கும் ஏறத்தாழ 32 ஆயிரத்துள் ஒன்றாய்ச் சுருங்கிவிட்டன. 2008-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் இது வெளியிடப்படும் வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல், உலகெங்கும் பலர் எளிதில் திறக்கும் பூட்டுக்களையே பூட்டி வைத்திருந்தனர். இங்கு வஞ்சம் இல்லை, பிழை உண்டு.

வஞ்சமும் சேர்ந்த நிகழ்ச்சி 2024-இல் நடந்தது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளைப் பல்லாண்டுகளாகப் பெரும்பாலும் ஒருவரே, ஊதியமின்றி, ஓய்வு நேரத்திற் காத்து வந்தார். 2021 முதல் ஜியா டான் என்னும் பெயருடைய ஒரு கணக்கினர் நல்ல திருத்தங்கள் அனுப்பி உதவி செய்தார். வேறு சில கணக்குகளிலிருந்து, “வேலை மிகத் தாமதமாகின்றது, பொறுப்பைப் பிறர்க்கும் கொடும்” என்று வற்புறுத்தல்கள் வந்தன. தம் மனநலம் குன்றியிருந்த அப்பராமரிப்பாளர், உதவிக்கு வந்தவரை நம்பிப் பொறுப்பிற் பங்கு அளித்தார். 2024 பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் வெளியான 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளில் ஒரு கள்ள வாயில் அமைந்திருந்தது. சோதனைக்கு என வைத்த கோப்புகளினுள் அது மறைக்கப்பட்டிருந்தது. அதனை வெளிக்கொணர்ந்து பொருத்தும் வரிகளோ, எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக் கட்டில் மட்டும் இருந்தன. அன்றியும், டெபியன் வகை, ஃபெடோரா வகை வழங்கல்களுக்கெனப் பொதி கட்டும்போது மட்டுமே அது கண் விழிக்கும். தனியே தொகுப்போனை அது தீண்டவில்லை. பலரும் நம்பும் கையையே அது குறிபார்த்து நின்றது.

அதனைக் கண்டவர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்டு என்னும் பொறியாளர். தொலைவிலிருந்து கணினியுட் புகும்போது ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கண்டு, அஃது ஏன் என்று ஆராயப் புகுந்து, மார்ச்சு 29-ஆம் நாள் தாம் கண்டதை உலகிற்கு அறிவித்தார். அதற்குள் அப்பதிப்புகள் பெரிய வழங்கல்களின் சோதனைப் பிரிவுகளை எட்டியிருந்தன, நிலைப்பதிப்புகளை எட்டவில்லை. அரை நொடியைப் பொருட்படுத்திய ஒருவர் இலராயின், விளைவு யாதாகியிருக்கும் என்பதை எண்ணவும் அச்சமாய் இருக்கின்றது.

நம்பிக்கையின் அடித்தளம்

இனி, மூலநிரல் முழுவதையும் ஓர் எழுத்து விடாமற் படித்தாயிற்று, வஞ்சம் ஒன்றும் இல்லை என்று கொள்வோம். அதனை இயங்குநிரலாக மாற்றும் தொகுப்பியை எவர் படித்தார்? யூனிக்ஸ் என்னும் முறைமையைப் படைத்தவருள் ஒருவராகிய கென் தாம்சன், 1983-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் பரிசை டென்னிஸ் ரிட்சியோடு பெற்றபோது ஆற்றி, 1984-இல் அச்சில் வந்த உரையில் இவ்வினாவையே எழுப்பினார். புகுமுக நிரலைத் தொகுக்கும்போது அதில் கள்ள வாயிலைச் சேர்த்துவிடுமாறு ஒரு தொகுப்பியை அமைக்கலாம். தன்னையே தொகுக்கும்போது இவ்வஞ்சத்தைப் புதிய தொகுப்பியிலும் சேர்க்குமாறு செய்யலாம். பின்னர் மூலநிரலிலிருந்து அவ்வரிகளை அழித்துவிட்டாலும், வஞ்சம் இயங்குநிரலில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும். மூலநிரலில் அதன் சுவடும் இராது. பிறர் ஆக்கிய கருவிகளை ஏதோ ஓரிடத்தில் நம்பியே தீரவேண்டும் என்பது அவ்வுரையால் விளங்கிற்று.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. டேவிட் வீலர் என்னும் அறிஞர் 2005-இல் வெளியிட்டு, 2009-இல் தம் ஆராய்ச்சி நூலில் விரித்த முறை ஒன்று உண்டு. ஐயத்துக்குரிய தொகுப்பியின் மூலநிரலை, அதனோடு தொடர்பற்ற வேறொரு தொகுப்பியால் தொகுத்து, அவ்வாறு பெற்றதைக் கொண்டு அம்மூலநிரலையே மீண்டும் தொகுத்து, விளைவை ஐயத்துக்குரியதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுதல் அம்முறை. இரண்டும் ஒத்தால், ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு கருவிகளும் ஒரே வஞ்சத்தைச் செய்தாலன்றி, கலப்படம் இல்லை என்று துணியலாம். டெபியன் அன்பர்கள் 2013 முதல், ஒரு மூலநிரலை எவர், எங்கு, எந்நாளில் தொகுப்பினும் ஒரே இயங்குநிரல் வருமாறு அமைக்கும் முயற்சியில் உழைத்து வருகின்றனர். அது கைகூடிய இடங்களில், களஞ்சியத்தாரின் சொல்லை நம்பவேண்டாம். எவரும் தாமே தொகுத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். குனு கீக்ஸ் என்னும் வழங்கலைச் சார்ந்தோர் 2023-இல், வெறும் 357 பைட்டு அளவுள்ள ஒரு சிறு விதையிலிருந்து படிப்படியாக முழு மென்பொருட் கட்டையும் எழுப்பிக் காட்டினர். ஆயினும் கருவையும் வன்பொருளையும் நம்புதல் அங்கும் எஞ்சியே நிற்கின்றது.

இம்முறைகளை அறிந்தபோது எனக்கு உ. வே. சாமிநாதையரவர்கள் நினைவே வந்தது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அப்பெரியார், கைக்கு எட்டிய ஓர் ஏட்டை நம்பி அச்சேற்றினாரல்லர். பல ஊர்களிலிருந்து பல ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பு நோக்கிப் பாடம் துணிந்தார். ஓர் ஏடு பிழைபடலாம். தொடர்பற்ற பல ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே வகையிற் பிழைபடுதல் அரிது. கணினி அறிஞர் இன்று செய்வதும் அதுவே. இதுவரை கூறிய நிகழ்ச்சிகளை மீண்டும் நோக்குக. தீமை வெளிப்பட்ட இடங்களிற் பெரும்பாலன, எவரோ ஒருவர் இரண்டு படிகளை ஒப்பிட்ட இடங்களே.

நாம் செய்யத் தக்கது

ஆகவே, வசதியை வேண்டுவோர் நம்பிக்கையை இழப்பர் என்பதும், வருந்தித் தொகுப்போர் ஐயத்தினின்று நீங்குவர் என்பதும் முற்றும் உண்மை அல்ல. வசதி என்பது நம்பிக்கையை மற்றொருவர் கையில் ஒப்படைத்தல். ஒப்படைத்தல் தவறன்று, யார் கையில், எச்சான்று கொண்டு ஒப்படைக்கின்றோம் என்று அறியாமல் ஒப்படைத்தலே தவறு. நம்மனோர் எளிதிற் கைக்கொள்ளத் தக்க சில நெறிகளைக் கூறுகின்றேன்.

வேண்டிய மென்பொருள் வழங்கலின் களஞ்சியத்தில் உண்டாயின் அங்கிருந்தே கொள்க. சிறிது பழைய பதிப்பாயினும், பலர் கண் பட்டதும் திருத்தம் தானே வருவதும் ஆதலின் அதுவே நமக்கு நன்று.

ஒரு வரி வழியன்றி வேறு இல்லையெனின், நெடுங்கோட்டுக்கு முற்பட்ட பகுதியை மட்டும் இயக்கி, வருவதைக் கோப்பாகச் சேமித்து, படித்துப் பார்த்து, பின்னர் இயக்குக. முற்றும் விளங்காவிடினும், எங்கெங்குச் செல்கின்றது, எவற்றை அழிக்கின்றது என்பனவாவது தெரியும். தெரிந்தாரிடம் காட்டவும் ஒரு படி கையில் இருக்கும்.

மூலநிரற் கட்டினை இறக்கினால் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுக. அவ்வெண்ணை வேறோர் இடத்திலிருந்து பெறுதல் நலம். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் லினக்ஸ் மின்ட் என்னும் வழங்கலின் இணையத்தளத்துட் பகைவர் புகுந்து, இறக்குமிடத்தைத் தம் நச்சுக் கோப்புக்குத் திருப்பிவிட்டனர். கோப்பை மாற்ற வல்லவர் அதே பக்கத்திலுள்ள எண்ணையும் மாற்ற வல்லரன்றோ? ஆசிரியரின் மின்கையொப்பம் இருப்பின் அதனைச் சரிபார்த்தல் இன்னும் சிறந்தது. அவருடைய மறைச்சாவி இன்றி அதனைப் போலியாக இடுதல் இயலாது. ஆயின் எக்ஸ்இசட் நிகழ்ச்சியில் கையொப்பம் இட்டவரே வஞ்சகர் என்பதையும் மறத்தலாகாது. கையொப்பம் ஆளைக் காட்டும். அவர் நெஞ்சைக் காட்டாது.

தொகுப்பதையும் நிறுவுவதையும் எளிய பயனராகவே செய்க. தலைவன் அதிகாரம் எல்லா மென்பொருளுக்கும் வேண்டுவதன்று. தன் கோப்புறைக்குள்ளேயே பலவற்றை நிறுவலாம். இன்றியமையாத கோப்புகளின் மறுபடி ஒன்றை அக்கணினியோடு தொடர்பில்லாத இடத்தில் வைத்திருத்தலும் வேண்டும். மூலநிரலிலிருந்து நிறுவியவற்றின் பெயரையும் பதிப்பையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க. புதுப்பிப்பாரின்றிக் கிடக்கும் மென்பொருள் காவலின்றித் திறந்து கிடக்கும் வீட்டை ஒக்கும்.

முடிவுரை

எங்கள் துறைக் கணினியின் கதையைக் கூறி முடிக்கின்றேன். அச்சொல்லடைவு மென்பொருள் களஞ்சியத்தில் இல்லை. ஆதலின் நானும் கணிதத்துறை நண்பரும் அதன் மூலநிரற் கட்டினை இறக்கிச் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டோம். எண்கள் ஒவ்வவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினோம். ஆராய்ந்தபோது, விடுதியின் இணைப்பு நடுவே அறுந்தமையால் கோப்பு முழுதும் வந்து சேரவில்லை என்று தெரிந்தது. மீண்டும் இறக்கினோம், 64 இலக்கங்களும் ஒத்தன. முதலில் துறைப் படிகளின் மறுபடியைத் தனியே எடுத்து வைத்து, எளிய பயனர் கணக்கில் தொகுத்து நிறுவினோம். ஒரு நொடியில் முடிந்திருக்கும் வேலைக்கு ஒரு மாலை முழுதும் சென்றது. வஞ்சகன் எவனையும் நாங்கள் பிடிக்கவில்லை. ஆயினும் அம்மாலைப் பொழுது வீணாயிற்று என்று இன்றுவரை நான் எண்ணியதில்லை. முன்னோர் உழைப்பை நம்பி எங்களிடம் விட்டவர்க்கு, அதனைக் காக்க நாங்கள் செய்தது யாது என்று கூற எங்களுக்கு ஒரு விடை உண்டு.

தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஆராயாமல் நம்புதலையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலையும் ஒருங்கே குற்றம் என்றார். முன்னது ஒரு வரி வழியினர்க்குரிய குற்றம். பின்னது எவரையும் நம்பாமல் எதனையும் பயன்படுத்தாமல் இருப்போர்க்குரியது. இவ்விரண்டிற்கும் இடையே செல்லும் வழி குறுகியதாயினும் நடக்கத் தக்கதே. எல்லோரும் எல்லாவற்றையும் படித்தல் இயலாது. ஆயின் ஒவ்வொருவரும் தம் கைக்கு வந்த ஒன்றையேனும் ஒப்பிட்டு நோக்குவாராயின், ஒருவர் கண் தப்பியது மற்றொருவர் கண்ணிற் படும். நமக்கு முன் எவரோ அவ்வாறு நோக்கியமையாலன்றோ நாம் இன்று அச்சமின்றி விசையை அழுத்துகின்றோம்? அக்கடனை நாமும் சிறிது தீர்த்தல் நம் கடமையாகும்.